வலைப்பூவுக்கு ஹோஸ்டிங் வாங்கப் போறீங்களா? முதலில் வெளியே போகும் வழியைப் பாருங்கள்

பாகாலா தன் இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. காட்பாடியில் இருந்து திருப்பதி போகும் ரயில் பாதையில், தர்மாவரம் பாதை பிரிகிற அதே ஜங்ஷன்தான் இன்றும். ஆனால் ஊரின் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் வட ஆர்க்காடு மாவட்டம். 1911-ல் சித்தூர் மாவட்டம். 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாநிலம், பிறகு ஆந்திரா. 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் உருவானபோது திருப்பதி மாவட்டம்.

இத்தனைக்குப் பிறகும், பழைய பழக்கத்தில் 'சித்தூர் மாவட்டம்' என்று எழுதிப் போட்ட கடிதம் பாகாலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரருக்கு ஊர் தெரியும். இணையத்தில் அப்படி ஒரு தபால்காரர் கிடையாது. முகவரி கொஞ்சம் மாறினாலும் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்துவிடும். அந்தப் பக்கம் பத்திரமாக வேறு இடத்தில் இருந்தாலும்கூட.

பாகாலாவில் வளர்ந்து, இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. அந்த எல்லை ஊரின் பேச்சு, ரயில்வே காலனிக் கதைகள், சித்தூர் மாம்பழம், தாத்தா சொன்ன 1950-கள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைக்க ஆசை. வலைப்பூ தொடங்கலாம் என்று தேடினால் 'மாதம் வெறும் 99 ரூபாய்', 'அன்லிமிடெட்', 'இலவச டொமைன்' என்று விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எதை எடுப்பது?

வேகம், விலை, இடம் என்று பலர் பல பட்டியல் தருவார்கள். அவையெல்லாம் தேவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: நாளைக்கு இந்த நிறுவனத்தை விட்டு வெளியே போக வேண்டி வந்தால், என் எழுத்தையும் என் முகவரியையும் கூடவே எடுத்துக்கொண்டு போக முடியுமா?

ஏன் இந்தக் கேள்வி முக்கியம் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

பிளாக்ஸ்பாட் டாட் இன்: என்ன நடந்தது?

2000-களில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகியபோது, பலரும் தேர்ந்தெடுத்த இடம் கூகுளின் பிளாகர். இலவசம், தமிழ் யூனிகோடு சரியாகத் தெரியும், பத்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். முகவரி 'உங்கள் பெயர் டாட் பிளாக்ஸ்பாட் டாட் காம்'.

2012-ல் கூகுள் ஒரு மாற்றம் செய்தது. இந்தியாவில் இருந்து யாராவது ஒரு பிளாக்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தால், அவர்களை 'டாட் காம்' முகவரியில் இருந்து 'டாட் இன்' முகவரிக்குத் தானாகவே திருப்பிவிட்டது. ஒரு நாட்டின் சட்டப்படி ஒரு பதிவை நீக்க வேண்டி வந்தால், அந்த நாட்டில் மட்டும் நீக்குவதற்கு இது வசதி என்பது கூகுள் சொன்ன காரணம்.

வாசகர்கள் என்ன செய்வார்கள்? முகவரிப் பட்டியில் தெரிந்ததை அப்படியே காப்பி செய்து ஃபேஸ்புக்கில், வாட்ஸ்அப்பில், விக்கிப்பீடியா கட்டுரையின் அடிக்குறிப்பில், மற்றவர்களின் வலைப்பூவில் ஒட்டுவார்கள். அப்படி பல ஆண்டுகளாக 'டாட் இன்' இணைப்புகள் குவிந்தன. 2018-ல் கூகுள் இந்தத் திருப்பிவிடலை நிறுத்தியது. 2020-ல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற அந்தப் பெயரின் பதிவே புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி வேறு ஒருவர் கைக்குப் போனது. அந்த முகவரியில் இருந்த பழைய இணைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போயின.

கவனியுங்கள்: ஒரு பதிவுகூட அழியவில்லை. எல்லாம் 'டாட் காம்' முகவரியில் பத்திரமாக இருந்தன. ஆனால் யாரோ எங்கோ கொடுத்திருந்த இணைப்பைச் சொடுக்கி வந்தவருக்கு அது தெரியாது. வலைப்பதிவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. முகவரி அவர்களுடையதாக இல்லை, அவ்வளவுதான்.

இது தனிச் சம்பவமும் இல்லை. 1990-களின் பெரிய இலவச இணையதள சேவையான ஜியோசிட்டிஸை 1999-ல் வாங்கிய யாகூ, 2009 அக்டோபரில் அதை மூடியது. 2003-ல் தொடங்கிய டைப்பேட் என்ற கட்டண வலைப்பதிவு சேவை 2025 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. காசு கட்டியவர்களுக்கும் கிடைத்த அவகாசம் சுமார் ஒரு மாதம்தான்.

டொமைன் வேற, ஹோஸ்டிங் வேற

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இதுதான். அதனால் முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

டொமைன் என்பது உங்கள் பெயர்ப் பலகை. 'டாட் காம்', 'டாட் இன்' என்று முடிகிற அந்தப் பெயர். அதைப் பதிவு செய்துகொடுக்கும் நிறுவனம் ரெஜிஸ்ட்ரார். 'டாட் இன்' பெயர்களை நிர்வகிப்பது நிக்சி என்ற இந்திய அமைப்பு. தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயர்களும் உண்டு.

ஹோஸ்டிங் என்பது அந்தப் பலகை மாட்டியிருக்கிற வீடு. உங்கள் பதிவுகளும் படங்களும் இருக்கிற கம்ப்யூட்டரில் வாடகைக்கு எடுத்த இடம்.

வீடு மாறலாம். பலகையைக் கழற்றிப் புது வீட்டில் மாட்டினால் போதும், வாசகருக்கு மாற்றமே தெரியாது. பாகாலா வழியாகப் போன பாதையே ஒரு காலத்தில் மீட்டர் கேஜ், இப்போது அகலப் பாதை. தண்டவாளம், ரயில் எல்லாம் மாறியும் ஸ்டேஷன் பெயர் பாகாலாதான். டிக்கெட் எடுப்பவருக்கு அது போதும்.

ஆகவே முதல் விதி: டொமைன் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஹோஸ்டிங் திட்டத்தோடு 'இலவசமாக' வரும் டொமைனை எடுப்பதில் தவறில்லை. ஆனால் அதன் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது, அடுத்த ஆண்டு புதுப்பிக்க எவ்வளவு, வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றும் கோடு கேட்டால் தருவார்களா என்று பார்த்துவிட்டு எடுங்கள். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் தனித்தனி நிறுவனங்களில் வைத்தால் இன்னும் நல்லது. ஒரு நிறுவனத்தோடு தகராறு வந்தால் இரண்டும் சேர்ந்து முடங்காது.

இன்னொரு பொறி: 'நம்ம ஃபிரண்டுதான் டிசைன் பண்ணித் தர்றான்' என்று டொமைனை நண்பர் கணக்கில் பதிவு செய்வது. நட்பு நன்றாக இருக்கும்வரை பிரச்சனை இல்லை.

அதைவிடப் பொதுவான தவறு, ரெஜிஸ்ட்ரார் கணக்கை ஆபீஸ் ஈமெயிலில் தொடங்குவது. வேலை மாறிய அன்றே அந்த மெயில் போய்விடும். புதுப்பித்தல் எச்சரிக்கைகள் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். அதே போல, உங்கள் புது டொமைனில் உருவாக்கிய ஈமெயிலையும் அந்தக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் வேலை செய்யாது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

உண்மையில் எவ்வளவு இடம் வேணும்?

விளம்பரங்களில் '50 ஜிபி', '100 ஜிபி', 'அன்லிமிடெட்' என்று பார்க்கிறீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

யூனிகோடு தமிழை இணையத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். மொத்தம் 15 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு 1 பைட்தான். அதாவது நமக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தேவை.

எவ்வளவு கூடுதல்? ஒரு சொல்லுக்குச் சராசரியாக 25 பைட் என்று தாராளமாக வைத்தாலும், 800 சொல் கட்டுரை 20,000 பைட், அதாவது 20 கேபி. ஆண்டுக்கு 100 கட்டுரை எழுதினால் 2 எம்பி. பத்து ஆண்டுகள் விடாமல் எழுதினால் 20 எம்பி.

உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ 3 முதல் 4 எம்பி வரும். ஆக, பத்து ஆண்டுகள் நீங்கள் எழுதப்போகும் மொத்த எழுத்தும் ஐந்தாறு போட்டோ அளவுதான்! இடத்தைத் தின்பது படங்கள். பாகாலா ஸ்டேஷன் போட்டோவை அப்படியே ஏற்றாமல், 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும்.

'அன்லிமிடெட்' என்பதையும் நம்பி ஏமாற வேண்டாம். சேவை விதிமுறைகளில் பார்த்தால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு, சர்வரின் பிராசஸரை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கு ஒரு வரம்பு என்று எழுதியிருக்கும். உண்மையான வரம்பு அங்கேதான் இருக்கிறது. புது வலைப்பூவுக்கு 5 ஜிபியே தாராளம்.

சர்வர் எங்கே இருக்கணும்?

ஆப்டிக்கல் ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. வேகத்தில் போகிறது. இதை வைத்து, பாகாலாவில் இருக்கும் வாசகரின் போன் ஒரு சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்கக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் ஆகும் என்று நேர்கோட்டுத் தூரத்தில் கணக்கிடலாம்.

சென்னை, சுமார் 130 கி.மீ.: 1.3 மில்லி செகண்ட்.
மும்பை, சுமார் 900 கி.மீ.: 9 மில்லி செகண்ட்.
சிங்கப்பூர், சுமார் 3,000 கி.மீ.: 30 மில்லி செகண்ட்.
அமெரிக்காவின் வர்ஜீனியா, சுமார் 14,000 கி.மீ.: 140 மில்லி செகண்ட்.

இது இயற்பியல் அனுமதிக்கும் குறைந்தபட்சம். கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இதைவிட அதிகமாகவே ஆகும். முதல் முறை ஒரு பக்கத்தைத் திறக்கும்போது இப்படி நாலைந்து முறை போய்வர வேண்டும். வர்ஜீனியா என்றால் ஒரு எழுத்து தெரிவதற்கு முன்பே அரை நொடிக்கு மேல் போய்விடும்.

உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா என்றால் இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ சர்வர் இருக்கும் திட்டத்தை எடுங்கள். பணம் கட்டும்போது 'சர்வர் லொகேஷன்' என்று ஒரு தேர்வு வரும். பலர் கவனிக்காமல் விட்டுவிட, அது அமெரிக்காவில் போய் உட்கார்ந்துவிடும். கனடா, லண்டன் தமிழர்களும் படிப்பார்கள் என்றால் சிடிஎன் வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பக்கங்களின் பிரதிகளைப் பல நகரங்களில் வைத்து, வாசகருக்கு அருகில் இருந்து தருவதுதான் சிடிஎன். சிறிய தளங்களுக்கு இதை இலவசமாகத் தரும் நிறுவனங்கள் உண்டு.

நான்கு வழிகள்

இலவசத் தளமும் சொந்த டொமைனும். பிளாகரில் இன்றும் இலவசமாக எழுதலாம், அதிலேயே உங்கள் சொந்த டொமைனையும் இணைக்கலாம். செலவு டொமைனுக்கு மட்டும். பராமரிப்பு வேலை எதுவும் இல்லை. வேர்ட்பிரஸ் டாட் காமிலும் இலவசத் திட்டம் உண்டு. ஆனால் சொந்த டொமைன் இணைக்க அங்கே கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். எழுதினால் போதும், டெக்னிக்கல் விஷயம் வேண்டாம் என்பவர்களுக்கு இந்த வழி.

ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள். அபார்ட்மென்ட் மாதிரி, தண்ணீர் டேங்க் பொது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருந்தால் உங்களுக்குத் தண்ணீர் வராது. ஆனால் விலை குறைவு, வேர்ட்பிரஸ் மென்பொருளை உங்கள் இஷ்டத்துக்கு நிறுவிக்கொள்ளலாம். தோற்றமும் வசதிகளும் உங்கள் கட்டுப்பாட்டில் வேண்டும் என்றால் இது போதும்.

விபிஎஸ். அதே கட்டடத்தில் உங்களுக்கென்று தனித் தண்ணீர் டேங்க். வேகம் நிச்சயம், ஆனால் பாதுகாப்பு அப்டேட் முதல் எல்லாமே உங்கள் பொறுப்பு. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு மட்டும். ஆறு மாதம் அப்டேட் செய்யாமல் விட்ட விபிஎஸ், ஷேர்டு ஹோஸ்டிங்கைவிட ஆபத்தானது. இந்தியாவில் விபிஎஸ், கிளவுட் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022-ல் உத்தரவிட்டது. அடையாளச் சான்று கேட்டால் திகைக்க வேண்டாம்.

ஸ்டாடிக் தளம். டேட்டாபேஸ் எதுவும் இல்லாமல், முன்பே தயாரித்த பக்கங்களை அப்படியே வைப்பது. கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் இதை இலவசமாகத் தருகின்றன. கிட்ஹப்பில் தளத்தின் அளவு 1 ஜிபி வரை, மாதம் சுமார் 100 ஜிபி டிராஃபிக் வரை. மேலே போட்ட கணக்கைப் பார்த்தீர்களே, இதுவே பல மடங்கு அதிகம். ஐடியில் வேலை பார்க்கும் உங்களில் பலருக்கு இதுதான் சரியான தேர்வு. மொத்தத் தளமும் உங்கள் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டராக இருக்கும். வெளியே போவது என்பது அந்த ஃபோல்டரை வேறு இடத்தில் ஏற்றுவது மட்டுமே.

99 ரூபாயின் உண்மையான விலை

இப்போ பணத்துக்கு வருவோம். கீழே இருப்பது எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல, ஒரு மாதிரிக் கணக்கு. விளம்பரத்தில் வரும் எண்களை இதே முறையில் போட்டுப் பாருங்கள்.

மாதம் 99 ரூபாய் என்கிறது விளம்பரம். பொடி எழுத்தில், 36 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும். அதாவது இன்று 3,564 ரூபாய். அதற்குப் பிறகு புதுப்பிக்கும் விலை மாதம் 349 என்று இன்னொரு மூலையில் இருக்கிறது. அடுத்த 36 மாதத்துக்கு 12,564 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 16,128. 18 சதவீத ஜிஎஸ்டி 2,903. ஆறு ஆண்டுகளுக்கு மொத்தம் 19,031 ரூபாய். மாதத்துக்கு வகுத்தால் 264 ரூபாய்.

99 என்று நினைத்து உள்ளே போனவர் கட்டுவது 264. பார்க்க வேண்டியது சேரும் விலையை அல்ல, தொடரும் விலையை.

டொமைனிலும் இதே விளையாட்டு உண்டு. 'டாட் காம்' பெயருக்கு ரெஜிஸ்ட்ரார்கள் கட்ட வேண்டிய மொத்த விலையே 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலராக உயர்ந்தது. ரூபாயில் தோராயமாக 900. எனவே யாராவது 99 ரூபாய்க்கு 'டாட் காம்' தருகிறார் என்றால், அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டில் இருந்து உங்களிடம்தான் வசூலிப்பார்.

எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் யோசியுங்கள். அந்தச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தருகிறது. வலைப்பூவுக்கு அது தாராளமாகப் போதும்.

வெளிநாட்டு நிறுவனத்தில் வாங்கினால் இன்னொரு விஷயம். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் இருந்து தானாகப் பணம் எடுக்க வங்கியில் முறையாக மேண்டேட் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆட்டோ-ரெனியூவல் போட்டிருந்தாலும் பணம் போகாது. 'ஆட்டோ'வை நம்பாமல், காலாவதி தேதிக்கு 30 நாள் முன்பாகக் காலண்டரில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். 'டாட் காம்' காலாவதியாகி ரெஜிஸ்ட்ரார் நீக்கிய பிறகும் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு. ஆனால் அதற்கான கட்டணம் பல மடங்கு.

'99.9 சதவீதம் அப்டைம்' என்றால் என்ன? ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் 0.1 சதவீதம், அதாவது சுமார் 8 மணி 45 நிமிடம் தளம் கிடக்கலாம் என்று பொருள். அதற்கு மேல் கிடந்தாலும் வழக்கமாகக் கிடைப்பது பில்லில் சிறு கழிவுதான். வலைப்பூவுக்கு இது பெரிய விஷயமில்லை. இந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும்

ஹோஸ்டிங் மாற்றும்போது ஆங்கிலத் தளங்களுக்கு வராத ஒரு பிரச்சனை நமக்கு வரும். பழைய டேட்டாபேஸ் தவறான எழுத்துருக் குறியாக்கத்தில் சேமித்திருந்தால், புது இடத்தில் திறக்கும்போது பதிவுகள் எல்லாம் கேள்விக்குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ மாறிவிடும். டேட்டாபேஸ் 'யூடிஎஃப்8-எம்பி4' என்ற குறியாக்கத்தில் இருக்கிறதா என்று தொடங்கும்போதே சரிபாருங்கள். யூனிகோடுக்கு முன்பு டிஸ்கி, டேப் போன்ற குறியாக்கங்களில் எழுதப்பட்ட பழைய தமிழ்த் தளங்கள் இன்று பலருக்குப் புரியாத குறிகளாகத் தெரிவதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பதிவின் முகவரி. தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். ஆனால் காப்பி செய்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறிகளோடு 9 இடத்தைப் பிடிக்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 இடம். வேர்ட்பிரஸில் இந்தப் பகுதிக்கு உச்சவரம்பு 200 இடம். அதாவது 22 குறியீடுகளில், நாலாவது ஐந்தாவது சொல்லுக்குள், முகவரி பாதியில் வெட்டுப்படும். எனவே தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் சின்னதாக ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். வெளியிட்ட பிறகு அதை மாற்றாதீர்கள்.

பேக்கப்: ஸ்ட்ராஸ்பூர்க் பாடம்

2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் சுமார் 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பேக்கப்புக்கும் காசு கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப், அதே கட்டடத்தில்தான் இருந்தது. அதுவும் எரிந்தது. 2023-ல் பிரெஞ்சு நீதிமன்றம் நஷ்டஈடு தரச் சொன்னது. எரிந்த டேட்டாவை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது.

ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் பேக்கப், அவர்களுக்கான பேக்கப். உங்களுக்கானதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். பொதுவான விதி 3-2-1: மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில்.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம்: பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும். படங்கள் இருக்காது, அவை இருக்கும் முகவரி மட்டுமே இருக்கும். பழைய தளம் மூடப்பட்டால் படங்களும் போச்சு. தாத்தாவின் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து போட்டிருந்தால், அந்த ஃபோல்டரைத் தனியாக வைத்திருங்கள்.

பணம் கட்டும் முன் ஏழு கேள்விகள்

1. டொமைனின் உரிமையாளராக என் பெயர் பதிவாகுமா? மாற்றும் கோடு கேட்டால் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருவார்களா?
2. இரண்டாவது முறை புதுப்பிக்கும்போது, ஜிஎஸ்டியோடு எவ்வளவு?
3. சர்வர் எந்த நாட்டில், எந்த நகரில்?
4. எழுத்து, படம், டேட்டாபேஸ் மூன்றையும் நானே டவுன்லோடு செய்ய முடியுமா?
5. பேக்கப் எங்கே இருக்கிறது? அதைத் திரும்ப ஏற்றத் தனிக் கட்டணமா?
6. பிடிக்கவில்லை என்றால் பணம் எத்தனை நாளுக்குள் திரும்ப வரும்? டொமைன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்களா?
7. இரவு பத்து மணிக்கு உதவி கேட்டால் மனிதர் பதில் சொல்வாரா?

ஏழாவதை வாங்கும் முன்பே சோதித்துவிடலாம். நாலாவது கேள்வியை அவர்களிடமே கேட்டு ஒரு மெயில் போடுங்கள். பதில் வரும் வேகமும் அதன் தெளிவும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

முதல் முறையே மூன்று, நான்கு ஆண்டுகளுக்குக் கட்டாதீர்கள். பல வலைப்பூக்கள் பத்தாவது பதிவைத் தாண்டுவதில்லை என்பது நமக்கே தெரியும். பிளாகரிலோ ஸ்டாடிக் தளத்திலோ சொந்த டொமைனோடு தொடங்குங்கள். ஒரு வருடம் எழுதிவிட்டு, அந்த இடம் போதவில்லை என்று உண்மையிலேயே தோன்றினால் ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு மாறுங்கள். டொமைன் உங்களுடையது என்பதால் வாசகர்களுக்கு எதுவும் மாறாது. பழைய பதிவுகளின் முகவரிகளைப் புது இடத்துக்குத் திருப்பிவிட மட்டும் மறக்க வேண்டாம்.

நீங்கள் நிறுத்திவிட்டால்?

சொந்த டொமைனுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. எழுதுவதை நிறுத்திப் பணம் கட்டாமல் விட்டாலோ, எழுதியவரே இல்லாமல் போனாலோ, சொந்த டொமைன் ஓரிரு ஆண்டில் காலாவதியாகிவிடும். பிறகு அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கி, சூதாட்ட விளம்பரம்கூடப் போடலாம். இலவசத் தளங்களில் எழுதியவரின் பதிவுகள் அவருக்குப் பிறகும் அங்கேயே இருக்கக்கூடும். ஆனால் அதுவும் நிரந்தரம் இல்லை. 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. டொமைனை ஒரே முறையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். முக்கியமான பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் நீங்களே இலவசமாகச் சேமிக்கலாம். உங்கள் கணக்கு செயல்படாமல் போனால் நீங்கள் குறிப்பிடும் ஒருவருக்குத் தகவல் போகும்படி கூகுளில் ஒரு வசதி இருக்கிறது, அதில் தங்கை பெயரையோ தம்பி பெயரையோ கொடுத்து வைக்கலாம். கூடவே அவர்களிடம் வாய்விட்டும் சொல்லி வையுங்கள்.

திருப்பதி மாவட்டத்தின் ஒரு ஜங்ஷனில் தமிழ் எப்படிப் பேசப்பட்டது, அங்கே என்ன சமைத்தார்கள், எந்த ரயிலுக்கு யார் காத்திருந்தார்கள் என்பதெல்லாம் அரசு ஆவணங்களில் கிடைக்காது. நீங்கள் எழுதினால்தான் உண்டு. இன்னும் இருபது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அதைத் தேடி வருவார். அப்போது அவர் சொடுக்கும் இணைப்பு திறக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹோஸ்டிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் சொந்த ஈமெயிலில், உங்கள் பெயரில், டொமைனைப் பதிவு செய்யுங்கள்.